சூடேறாத வண்டி

2023 அக்டோபர் 31, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். பொடித் தூறல், காற்று இல்லை. தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் முன்னால் சாலையோரச் சிறு பாலம் ஒன்று இருக்கிறது. அதன் கைப்பிடிச் சுவரில் என் மனைவி உட்கார்ந்துவிட்டாள். வண்டியை நிறுத்தச் சொன்னதும் அவள்தான், கதவைத் திறந்து இறங்கியதும் அவள்தான். நான் குடையை விரிப்பதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். காலையில் அவள் குடித்தது அரை டம்ளர் கஞ்சி.

சேலத்து மருத்துவமனையில் அன்று அவளுக்கு ஐந்தாவது தவணை மருந்து ஏற்ற வேண்டும். மார்பில் இருந்த கட்டியை ஜூன் மாதம் எடுத்தார்கள். பிறகு இருபத்தோரு நாளுக்கு ஒரு முறையாக ஆறு தவணை என்று சொன்னார்கள். நான்கு முடிந்திருந்தது. அவளுக்கு வயது அறுபத்தாறு, எனக்கு எழுபத்தொன்று. எங்கள் வீடு நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில். சேலம் போய்வர நூற்றுப் பத்து கிலோமீட்டர். பேருந்தில் கூட்டத்தோடு கூட்டமாக வரக்கூடாது, வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கின்றன என்று மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் எங்கள் வண்டிதான். 2006ஆம் வருடத்து பெட்ரோல் வண்டி, நான் இரண்டாவது கையாக வாங்கியது. கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடும் வகை.

வண்டிக்குள் பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது என்று அவள் முதல் பயணத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் முறை வண்டியை ஓரம் கட்டி, கீழே குனிந்து எங்காவது ஒழுகுகிறதா என்று பார்த்தேன். ஒழுகவில்லை. இரண்டாவது முறை மருத்துவரிடம் கேட்டேன். இந்த மருந்து ஏற்றினால் நாக்கு, மூக்கு எல்லாம் மாறும், இல்லாத வாடை வரும், சிலருக்குச் சோறே இரும்பு வாடை அடிக்கும் என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மூன்றாவது, நான்காவது முறை அவள் சொன்னபோது மருத்துவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். நாற்றம் வண்டியில் இல்லை, உன் மூக்கில் இருக்கிறது என்ற வார்த்தையையும் சொன்னேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கொரோனா காய்ச்சல் வந்துபோன பிறகு எனக்கு வாசனை தெரியாது. ஊதுபத்தியும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்தும், எனக்கு ஒன்றும் அடிக்கவில்லையே என்று நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்று பாலத்துச் சுவரில் உட்கார்ந்தபடி அவள் சொன்னாள்: "இனிமே நான் வரலைங்க. போதும்."

இன்னும் இரண்டுதான் பாக்கி என்றேன். வேண்டுமானால் வாடகை வண்டி பிடிக்கிறேன் என்றேன்.

"வாடக வண்டியில மட்டும் அடிக்காதுங்களா? எம் மூக்குலதான் இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க. டாக்டரும் சொல்லிட்டாரு. அப்ப எந்த வண்டியில ஏறுனாலும் அதே நாத்தந்தான். நான் வூட்லயே கெடக்கறேன்."

அவளை மறுக்க வேண்டுமென்றால் நான் சொன்னதை நானே பொய் என்று காட்ட வேண்டும். முன் சீட்டில் உட்கார வைத்து, நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, தூறல் உள்ளே அடிக்க அடிக்க, பதின்மூன்று கிலோமீட்டரும் திரும்பி வந்தோம்.

ஒன்பது மணிக்கு மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். ஒரு வாரம் தள்ளலாம், மிஞ்சிப் போனால் இரண்டு வாரம், அதற்கு மேல் வேண்டாம் என்றார்கள். இரண்டு வாரம் என்றால் நவம்பர் பதினான்கு. நடுவில் தீபாவளி. கடைகள் இருக்காத நாட்களைக் கழித்தால் என் கையில் இருந்தவை பத்து நாட்கள்.

நான் முப்பத்தொரு வருடம் ஒரு சர்க்கரை ஆலையின் எடைமேடையில் எழுத்தராக இருந்தவன். கரும்பு ஏற்றிய டிராக்டர் மேடையில் ஏறினால் ஒரு எடை, இறக்கிவிட்டு வந்து ஏறினால் இன்னொரு எடை. கழித்து வருவதுதான் கரும்பு. விவசாயி என்ன சொன்னாலும், ஆலைக்காரர் என்ன சொன்னாலும் முள் சொல்வதுதான் எடை. அந்தப் பழக்கத்தில் வண்டிக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெட்ரோல் நிரப்பிய தேதி, லிட்டர், ஓடிய தூரம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நான்கு கட்டம். வாங்கிய நாளிலிருந்து ஒரு வரி விட்டுப்போனதில்லை.

அன்று மதியம் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜூலை வரை லிட்டருக்குப் பதினைந்து புள்ளி நான்கு. ஆகஸ்டில் பதின்மூன்று. செப்டம்பரில் பதினொன்று புள்ளி ஆறு. அக்டோபரில் ஒன்பது புள்ளி நான்கு. எல்லாம் என் கையெழுத்து. பக்கத்திலேயே காரணங்களும் எழுதியிருந்தேன். பங்க்கில் அளவு குறைக்கிறான் என்று ஓரிடத்தில். அதற்காக மூன்று பங்க் மாற்றியிருக்கிறேன். ஏசி என்று ஓரிடத்தில். எத்தனால் கலப்பு, மழை, மருத்துவமனை வாசலில் இன்ஜினை ஓடவிட்டு நின்றது என்று மற்ற இடங்களில். பெட்ரோல் எரியாமல் போய்க்கொண்டிருக்கிறது, எரியாத பெட்ரோல் நாறத்தான் செய்யும் என்பது மட்டும் எங்கும் இல்லை. எண்கள் மூன்று மாதமாக அவள் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தன.

உள்ளே போய் அவளிடம் நோட்டைக் காட்டினேன். வண்டியில் ஏதோ கோளாறு இருக்கலாம் போலிருக்கிறது என்று தொடங்கினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"உங்க நோட்டு சொன்னாத்தான் நம்புவீங்க. எம் மூக்கு சொன்னா நம்ப மாட்டீங்க. போங்க, என்னன்னு கண்டுபுடிச்சிட்டு வந்து சொல்லுங்க."

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. மறுப்பு இல்லை என்று மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் தர்மபுரியில் நான் எப்போதும் விடும் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அந்த மெக்கானிக் பன்னிரண்டு வருடப் பழக்கம். செப்டம்பரில் ஒரு முறை இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தபோது, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகி அதை அழித்துக் கொடுத்தவர் அவர்தான். விளக்கு அணைந்ததும் எனக்கும் நிம்மதியாகிவிட்டது. இந்த முறையும் ஸ்கேனரைச் செருகினார். கலவையில் பெட்ரோல் அதிகம் என்று வந்தது. சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார்தான் அதைச் சொல்கிறது, பழைய சென்சார், தப்பாகச் சொல்லும், மாற்றிவிடலாம் என்றார். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவினார். சென்சார் பெங்களூரிலிருந்து பேருந்து பார்சலில் வர மூன்று நாள் ஆனது. சனிக்கிழமை மாட்டினார். விளக்கு அணைந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டினேன். திங்கட்கிழமை காலை மறுபடியும் விளக்கு எரிந்தது. ஆறு நாள் போயிருந்தது. உண்மையைச் சொன்ன சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினோம். அதுவும் அதே உண்மையைச் சொன்னது. வீட்டில் நான் செய்துகொண்டிருந்ததும் இதேதான் என்று அப்போது தோன்றியது.

ஆலையில் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் பாலக்கோட்டில் ஒரு கடையைச் சொன்னார். தக்காளி ஏற்றும் சின்ன வண்டிகள்தான் அங்கே அதிகம் நிற்கும். கடைக்காரருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு, தொலைபேசியில் கன்னடம், எங்களிடம் தமிழ். நவம்பர் எட்டாம் தேதி புதன்கிழமை போனேன். இன்ஜினை அணைக்காதீங்க, அப்படியே விடுங்க என்று சைகை காட்டினார். பானெட்டைத் திறந்தார். முதலில் ஸ்கேனரை எடுக்கவில்லை. ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயைக் கையால் பிடித்துப் பார்த்தார். பிடித்தபடியே நின்றார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். முப்பத்தொரு கிலோமீட்டர் ஓட்டி வந்திருக்கிறேன் என்றேன்.

பிறகு ஸ்கேனரைச் செருகி, விளக்கு எதற்காக எரிகிறது என்று பார்க்காமல், இன்ஜின் தண்ணீரின் சூடு எத்தனை என்று பார்த்தார். நாற்பத்தேழு டிகிரி.

"சார், வண்டிய ராத்திரி பூரா ஊட்டியில நிறுத்தி வெச்சிருந்தீங்களா?"

நான் சிரிக்கவில்லை. அவர் நிதானமாக விளக்கினார். இந்த இன்ஜின் எண்பத்தைந்து, தொண்ணூறு டிகிரியில் ஓட வேண்டியது. காலையில் குளிர்ந்திருக்கும்போது கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் பெட்ரோலைக் கூட்டி விடும். சூடானதும் குறைத்துக்கொள்ளும். உங்கள் இன்ஜின் சூடாகவே இல்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் அது இன்னும் விடியவில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டரும் நம்பி ஊற்றிக்கொண்டே இருக்கிறது.

மூன்று மாதமாக மீட்டரில் சூட்டு முள் கால் பாகத்தைத் தாண்டியதே இல்லை என்று நான் சொன்னேன். அதைப் பெருமையாகத்தான் சொன்னேன்.

"அது ஏறாததுதாங்க உங்க கேடு," என்றார்.

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிக் காட்டினார். நான்கும் கரிச்சட்டியின் அடி போல இருந்தன. ஆயில் கம்பியை இழுத்தார். ஆயில் மேல்கோட்டுக்கும் மேலே நின்றது. மூன்று மாதமாக ஆயில் குறையவே இல்லை என்று நான் நோட்டில் சந்தோஷமாக எழுதி வைத்திருந்தேன். எரியாத பெட்ரோல் இறங்கி ஆயிலோடு கலந்ததால் அளவு ஏறியிருக்கிறது என்றார் அவர். கம்பியை என் முகத்துக்கு நேராக நீட்டி மோந்து பார்க்கச் சொன்னார்.

எனக்கு வாசனை தெரியாது என்றேன்.

கம்பியைத் துணியில் துடைத்துத் திரும்பச் செருகினார். பிறகு, வண்டியில் வேறு யார் வருவார்கள் என்று கேட்டார். மனைவி, பின் சீட்டில் படுத்து வருவாள், நாற்றம் என்று மூன்று மாதமாகச் சொல்கிறாள், மருந்தால் மூக்கு மாறியிருக்கிறது என்று நினைத்தோம் என்றேன். அவர் வண்டியின் பின்னால் போனார். டிக்கிக் கதவின் இடுக்கில் ஒரு பில் தாளை வைத்து மூடி இழுத்தார். தாள் தடையில்லாமல் வந்தது. ரப்பர் பட்டை இற்றுப்போயிருந்தது. ஓடும்போது சைலன்சர் புகை அந்த இடுக்கு வழியே உள்ளே இழுக்கப்பட்டுப் பின் சீட்டில்தான் முதலில் தங்கும். முன்னால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிறவனுக்கு வராது.

"வூட்ல அம்மா சொன்னதுதாங்க சரியான கணக்கு," என்றார். "ஏன் சார், வால்வு எங்கங்க?"

இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் வால்வு என்று ஒன்று உண்டு. இன்ஜின் சூடாகும் வரை அது தண்ணீரைப் போகவிடாது. அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ரேடியேட்டர் ஃபேனும், சாவியைத் திருப்பியதிலிருந்து அணைக்கும் வரை ஓயாமல் ஓடும்படி ஒயரை மாற்றிப் போட்டிருக்கிறது. அந்த வேலை எப்போது நடந்தது, நாற்றம் எப்போது தொடங்கியது என்று இரண்டையும் கேட்டார். முதல் கேள்வி எனக்குப் புரியாதது போல நின்றேன். அவர் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். நானே ஜூலை மாதத்துப் பக்கத்தைப் புரட்டினேன்.

ஜூலை 27, முன்னெச்சரிக்கை, வால்வு நீக்கம், ஃபேன் நேரடி, ரூ.650.

எழுதியவன் நான். செய்யச் சொன்னவனும் நான். அந்த வருடம் மே மாதம் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டி கொதித்து நின்றது. அப்போது நான் தனியாக இருந்தேன். மருந்து ஏற்றிய உடம்போடு அவளை வைத்துக்கொண்டு அதே ஏற்றத்தில் நின்றுபோனால் என்ன செய்வது என்று ஜூலை முழுவதும் எனக்கு அதே நினைப்பு. இந்தப் பக்கத்தில் ஏற்றத்துக்குப் பயந்தவர்கள் எல்லாரும் செய்வது ஒன்றுதான். வால்வைக் கழற்றி எறி, ஃபேனை நேரடியாகப் போடு, ஜென்மத்துக்கும் கொதிக்காது. லாரிக்காரர் சொல்வார், பால் வண்டிக்காரர் சொல்வார். தர்மபுரிக் கடைக்காரரும் மறுபேச்சு இல்லாமல் செய்து கொடுத்தார். அதை யாரும் கோளாறு என்று நினைப்பதில்லை. அதனால்தான் விளக்கு எரிந்தபோது அவருக்கும் அது ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. முதல் தவணைக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் செய்த வேலை. நாற்றம் மருந்தோடு சேர்ந்து வந்ததாக நாங்கள் நினைத்தோம். அது என் பயத்தோடு சேர்ந்து வந்திருக்கிறது.

கடைக்காரர் என்னைக் குறை சொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு வண்டி இப்படி வரும், தக்காளி வண்டிக்காரர்கள் கேட்கவே மாட்டார்கள் என்று மட்டும் சொன்னார். மே மாதம் கொதித்ததற்குக் காரணம் ஃபேனை ஓட்டும் சுவிட்ச். அதை மாற்றியிருந்தால் அன்றே முடிந்திருக்கும் என்றார். புது வால்வு, ஃபேன் சுவிட்ச், பழையபடி ஒயரிங், கூலன்ட், ஆயில், நான்கு பிளக், டிக்கி ரப்பர் என்று எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. அவரே என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து மாரண்டஹள்ளி சாலையில் இருபது கிலோமீட்டர் ஓட்டினார். முள் பாதிக்கு ஏறி அங்கே நின்றது. நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். இதுதான் சரியான இடம் என்று எனக்கு அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முடி கொட்டிய தலையில் பழைய பருத்தித் துண்டு. எப்படிச் சொல்வது என்று முப்பத்தொரு கிலோமீட்டரும் யோசித்துக்கொண்டு வந்தது எதுவும் வாயில் வரவில்லை.

"நாத்தம் வண்டியிலதான் இருந்துச்சு. நாந்தான் அப்படிப் பண்ணி வெச்சிருந்தேன்," என்றேன்.

"எப்பலேர்ந்துங்க?"

"ஜூலை இருவத்தேழு."

என்னவெல்லாம் கழற்றினேன், எதற்காகக் கழற்றினேன் என்று நான் சொல்லத் தொடங்கினேன். தொப்பூர் ஏற்றம் என்றதும் கையைக் காட்டி நிறுத்தினாள். எதற்காக என்பது அவளுக்கு அதற்குள் புரிந்துவிட்டது.

"நாலு தடவ போயிருக்கோம். போக நாலு, வர நாலு. எட்டுத் தடவையும் சொன்னேங்க."

எட்டு என்பது சரிதான், முதல் முறை போகும்போது அவள் உடம்பில் மருந்தே ஏறியிருக்கவில்லை. வீட்டில் கணக்குச் சொல்வது எப்போதும் நான். அன்று அவள் சொன்னாள். எனக்குக் கழிக்கவும் கூட்டவும் எதுவும் இருக்கவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். தட்டை எடுக்கச் சமையலறைக்குப் போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"செவ்வாக்கெழம எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

நவம்பர் பதினான்காம் தேதி அதிகாலை ஐந்தே காலுக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் படுக்காமல் உட்கார்ந்து வந்தாள். நல்லம்பள்ளி தாண்டியதும் மூச்சை நன்றாக இழுத்து விட்டது எனக்குக் கேட்டது. வாடை வருகிறதா என்று நான் கேட்கவில்லை. தொப்பூர் இறக்கத்தில் தூங்கிவிட்டாள். மாலையில் திரும்பும்போது ஏற்றத்தில் முள் பாதியைத் தாண்டி ஒரு நூல் ஏறியது. ஃபேன் தானாக ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. முள் இறங்கியது. ஃபேன் நின்றது. அந்த ஏற்றத்தில் நான் சாலையைப் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். வீட்டுக்கு வந்த பிறகு மருந்து தன் வேலையைக் காட்டியது. இரண்டு நாள் அவளால் எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் வண்டியில் ஒரு முறைகூட நிறுத்தச் சொல்லவில்லை. ஆறாவது தவணை டிசம்பர் ஐந்தாம் தேதி முடிந்தது.

தள்ளிப்போன பதினான்கு நாளைப் பற்றி மருத்துவரிடம் இரண்டு முறை கேட்டேன். பயப்பட வேண்டாம், பலருக்கும் இப்படித் தள்ளும் என்று இரண்டு முறையும் சொன்னார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். இதுவரை மூன்று முறை சுத்தமாக வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் முடிவு இருக்கும் உறையைப் பிரிக்கும் வரை எனக்கு அந்தப் பதினான்கு நாள்தான் மனதில் ஓடும். அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது வண்டியில் ஏறியதும், ஏதாவது வாடை வருகிறதா என்று நான் கேட்பேன். பேசாம ஓட்டுங்க என்பாள்.

தர்மபுரிக் கடையில் வால்வைக் கழற்றியதற்கும், இன்ஜெக்டர் கழுவியதற்கும், தேவையில்லாத சென்சாருக்கும் ஆறாயிரத்து எழுநூறு. பாலக்கோட்டில் எட்டாயிரத்து நானூற்று ஐம்பது. எரியாமல் போன பெட்ரோல், என் நோட்டுப்படி முப்பத்து நான்கு லிட்டர், அதற்கு மூவாயிரத்து ஐந்நூற்று இரண்டு. பதினான்கு நாளை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாததால் எழுதவில்லை. மற்றதெல்லாம் சேர்ந்து பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்திரண்டு ரூபாய்.